சுண்டிப் பார்த்த கை

லாத்தா எதையும் சுண்டிப் பார்க்காமல் வாங்கியதில்லை. தேங்காயை எல்லோரும்தான் சுண்டுவார்கள். அவர் மண்சட்டியைச் சுண்டுவார், புது வாளியைச் சுண்டுவார், கண்ணாடித் தம்ளரைக் காதோரம் பிடித்துச் சுண்டுவார். வீட்டுக்குப் பெண் கேட்டு வந்த மாப்பிள்ளையின் கைக்கடிகாரப் பட்டையைச் சுண்டிப் பார்த்தார் என்றும் ஒரு பேச்சு உண்டு. நான் பார்க்கவில்லை. ஆனால் செய்யக்கூடியவர்தான்.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். கம்பத்தில் அவருடைய பேரன் பேத்திகள் இருக்கிறார்கள், எனக்கு அவர்கள் முகத்தில் முழிக்க வேண்டும். ராவுத்தர் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், அதனால் எனக்கும் அவர் லாத்தா. நான் அவருக்குத் தம்பி. கோபம் இல்லாத காலத்திலும் தம்பி என்றார், என் கடையை மூட வைத்த காலத்திலும் அதே குரலில் தம்பி என்றார். கொஞ்சம் குரல் உயர்த்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எனக்குக் கம்பம் கடைவீதியில் தையல் சாமான் கடை. நூல், பட்டன், ஊசி, ஜிப், லைனிங் துணி. அதற்கு முன்னால் நான் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்தவன். பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை. பந்தல் கம்பியில் கொடியைக் கட்டுவதற்கு ஒரு முடிச்சு உண்டு. இரண்டு சுற்று, பிறகு வாலைப் பின்பக்கமாக உள்ளே செருகுவது. காற்றடித்தாலும் அவிழாது, கொடி பருத்தாலும் இறுக்காது. கடை வைத்த பிறகும் என் கை அந்த முடிச்சைத்தான் போட்டது. பொட்டலம் கட்டினாலும் அதுதான், அறுந்த நூலைச் சேர்த்தாலும் அதுதான். கடைவீதியில் வேறு யாருக்கும் அது வராது. என் மகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தேன். லாத்தா பொட்டலத்தை வாங்கும்போதெல்லாம், "என்னா தம்பி, நூலு கேட்டா திராட்சக் கொல கட்டித் தாறீக" என்பார். பல்லால் கடித்துத்தான் அவிழ்ப்பார்.

கடைக்கு எதிர்ச்சந்தில் அவர் வீடு. வாசலைப் பார்த்த ஜன்னலோரம் தையல் மிஷின். அவர் தைத்தது சட்டை ஜாக்கெட் இல்லை, போர்வை. டெய்லர் கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளை மூட்டையாக வாங்கி வருவார். சதுரம் சதுரமாக வெட்டி ஒன்றோடொன்று ஒட்டுப்போட்டு மேல்துணி ஆக்குவார். அடியில் ஒரு பழைய சேலை, நடுவில் போடி இலவம்பஞ்சு. மூன்றையும் சேர்த்து வைத்து மிஷினில் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுவார். மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் வேலைக்குப் போகிற சனத்துக்கு அந்தப் போர்வைதான் சொத்து. மலைமேட்டுக்கு அந்தப் பக்கத்துக் குளிர் அப்படி. எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நூல் விஷயத்தில் அவரிடம் யாரும் பேச்சு வைத்துக்கொள்ள முடியாது. துண்டு ஒட்டுவதற்கு மெல்லிசான பருத்தி நூல் எடுப்பார். தையல் மடிப்பு தடிக்காது, சூடாக இஸ்திரி போட்டாலும் இளகாது. மூன்று அடுக்கையும் சேர்த்து ஓட்டுவதற்கு முறுக்கேறிய பாலியஸ்டர். துவைக்கிறவர்கள் கல்லில் அடித்துத் துவைப்பார்களே, அதைத் தாங்க வேண்டும். கலர் கலராகச் சின்ன நூல்கண்டு வாங்க மாட்டார். பெரிய கோனாக ஒரே சாம்பல் நிறம். சிவப்புத் துண்டானாலும் மஞ்சள் துண்டானாலும் சாம்பல் நூல் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போய்விடும் என்பார். கண்டு வாங்கினால் பாதி விலை நடுவில் இருக்கிற கட்டைக்குத்தான் என்பது அவர் கட்சி. எனக்கு அந்தக் கட்சி பிடிக்காது, நான் கண்டு விற்கிறவன். ஆனாலும் பொய் என்று சொல்ல முடியாது.

மேல்மலை ஏலத்தோட்டம் ஒன்றின் கங்காணி நாற்பது போர்வை கேட்டு வந்தான். லாத்தாவுக்கு அதற்கு முன் அப்படி ஒரு வேலை வந்ததில்லை. என்னிடம் வந்து சாம்பல் நூல் கேட்டார். வழக்கமாக நான் தரும் பச்சை லேபிள் கோன் தீர்ந்துபோயிருந்தது. எனக்கு இங்கிலீசு எழுத்துத் தெரியாது, லேபிள் நிறம்தான் அடையாளம். அந்த வாரம் ஒரு தரகர் வந்து, அதே பச்சை லேபிளில் ஒரு பெட்டி கோன் மலிவாக இறக்கிவிட்டுப் போயிருந்தார். அந்தப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். லாத்தா சுண்டிப் பார்க்கக் கையை நீட்டினார். நான் அதற்குள் தாளில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டேன். "வழக்கமா வாங்குறதுதான லாத்தா, என்னைய நம்ப மாட்டீகளா" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் பொட்டலத்தை எடுத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்து அவர் சுண்டாமல் வாங்கியது அந்த ஒரு தடவைதான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் யாரிடமும் சொல்லாதது. பெட்டியைப் பிரித்ததும் எனக்கு வாடை அடித்தது, மழையில் நனைந்து காய்ந்த சாக்கு வாடை. மேல் கோனை எடுத்து நானும் சுண்டினேன். பட்டென்று அறுந்தது. சத்தம்கூட வரவில்லை, சேமியா மாதிரி ஒடிந்தது. பழைய பருத்தி நூலைக் கஞ்சி போட்டு மினுக்கிப் புதுக் கோனில் சுற்றியிருந்தார்கள். கஞ்சி விறைப்பில் மிஷினில் ஓடிவிடும், அப்புறம் நிற்காது. தரகர் இன்னும் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியிருக்க மாட்டார். கூப்பிட்டிருக்கலாம். நான் அறுந்த நுனி இரண்டையும் சேர்த்து என் முடிச்சைப் போட்டு, கோனில் சுற்றி, அலமாரியில் அடுக்கினேன். அவ்வளவுதான் நடந்தது.

நாற்பது போர்வையும் மலை ஏறின. நான்கு வாரத்தில் இறங்கின. ஜீப்பிலிருந்து அவர் வாசலில் குவித்துப் போட்டார்கள். தையல் விட்ட இடமெல்லாம் இலவம்பஞ்சு பறந்தது. போர்வையோடு ஏழெட்டுப் பெண்கள் இறங்கினார்கள். அவர்கள் தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டிக்கொண்டு, வயசுப் பிள்ளைகள் கிழவிகள் மாதிரி நின்றார்கள். ஒருத்தி லாத்தாவிடம் சொன்னது என் கடைவரைக்கும் கேட்டது.

"குளுருல கெடந்து சாவுறோம். நீங்க குடுத்ததப் போத்துனா மூக்குல பஞ்சு ஏறுது. இதுக்கு எங்களப் பொதச்சிருக்கலாம்ல."

லாத்தா எல்லோரையும் உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தார். ஒவ்வொருத்தி தலையிலிருந்தும் பஞ்சை எடுத்துவிட்டார். அவர்கள் போன பிறகு ஒரு போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்தார். சந்தை நாள். கடையில் டெய்லர்கள் ஆறு பேர் நின்றார்கள், உத்தமபாளையத்துக்காரர் இரண்டு பேர் உட்பட.

என்ன நூல் தம்பி இது என்று மெதுவாகத்தான் கேட்டார். மெதுவாகக் கேட்டவரிடம் நானும் மெதுவாகப் பேசியிருக்கலாம். தரகன் ஏமாற்றிவிட்டான், மாற்றித் தருகிறேன் என்று சொல்லியிருந்தால்கூட விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாய் முந்திக்கொண்டது.

"நூல்ல ஒரு கொறையும் இல்ல லாத்தா. வயசாகுதுல்ல, ஒங்க கை சரியில்ல."

யாரோ சிரித்தார்கள். லாத்தா தன் கையைப் புரட்டிப் பார்த்தார், உள்ளங்கை, புறங்கை. "கையா" என்றார். போர்வையை மடித்தார். போய்விட்டார்.

நாற்பதையும் பிரித்து, தேனிக்குப் பஸ்ஸில் போய் வேறு நூல் வாங்கிவந்து, மறுபடி தைத்து மலைக்கு அனுப்பினார். அந்த மிஷின் சத்தம் எனக்கு மூன்று வாரம் கேட்டுக்கொண்டே இருந்தது. கங்காணி அப்புறம் அவரிடம் வரவேயில்லை. நான் வெளியில் எல்லோரிடமும், தரகர் என்னையும் ஏமாற்றிவிட்டார், எனக்கு எழுத்துத் தெரியாது, லேபிளை நம்பினேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதிப் பேர் நம்பினார்கள். என் மகள் முழுசாக நம்பினாள்.

லாத்தா சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வாடிக்கையாக வந்தார். ஒவ்வொரு சந்தை நாளும், கடையில் கூட்டம் நிற்கிற நேரம் பார்த்து, ஒரே ஒரு கோன் வாங்க வருவார். வாங்கிவிட்டுப் போக மாட்டார். கடைப்படியில் உட்கார்ந்து சோதிப்பார். முதலில் ஒரு முழம் உருவிச் சுண்டுவார். பிறகு எச்சில் தொட்டு ஈரமாக்கிச் சுண்டுவார். கறுப்புத் துணிமேல் நூலை இழுத்துப் பார்ப்பார். பஞ்சுப் பிசிறு எவ்வளவு உதிர்கிறது என்று தெரியும், அந்தப் பிசிறெல்லாம் மிஷினுக்குள்தான் போய் அடையும். வெயிலுக்கு நேரே பிடித்து நகத்தால் நீவி, தடிப்பும் மெலிவும் மாறி மாறி வருகிறதா என்று பார்ப்பார். கடைசியில் தீக்குச்சி. உருண்டையாகக் கெட்டிப்பட்டால் பாலியஸ்டர், சாம்பலாகப் போனால் பருத்தி.

இதையெல்லாம் பேசாமல் செய்திருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை. பக்கத்தில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டே செய்வார், பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி. வெல மலிவா இருந்தாத் தப்பில்ல ஆத்தா, சுண்டாம வாங்குனாத்தான் தப்பு என்பார். என் நல்ல நூலையும் சேர்த்துத்தான் சோதித்தார். நல்லதாக இருந்தால், "இன்னைக்குத் தம்பி நல்ல நூல் வச்சிருக்காக" என்று சத்தமாகச் சொல்வார். அந்த 'இன்னைக்கு' இருக்கிறதே, அதற்குப் பதிலாக வைதிருக்கலாம்.

ஆறே மாதத்தில் கம்பத்தில் டெய்லர் என்று பேர் வைத்த ஒவ்வொருவரும் என் கடைக்கு வந்தால் நூலை உருவிச் சுண்டினார்கள். கடைக்கு வெளியே அறுந்த நூல் குப்பையாகக் கிடக்கும். தீக்குச்சி கருகிக் கிடக்கும். நானே என் கடையைச் சுடுகாட்டுச் சாம்பல் கூட்டுகிறவன் மாதிரி கூட்டினேன்.

அதற்கப்புறம்தான் அந்தப் போர்வை வந்தது. என் கடைக்கு நேர் எதிரே, அவர் வீட்டு மாடிக் கம்பியில், காலையில் தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய போர்வை. நடுவில் ஒரு சிவப்புக் கோடு. இடது பக்கம் முழுக்க என் நூல், வலது பக்கம் தேனி நூல். துணி ஒன்று, பஞ்சு ஒன்று, ஊசி ஒன்று. வெயிலில் கிடந்தது, மழையில் கிடந்தது, ஆடிக் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. நான்கூட உள்ளுக்குள் சிரித்தேன். அப்புறம் இடது பக்கம் ஒரு சதுரம் வாய் திறந்தது. பிறகு பக்கத்துச் சதுரம். காற்றடிக்கும்போது என் பக்கத்துப் பஞ்சு பறந்து வந்து என் கடைக்குள்ளேயே விழும். கல்லாப் பெட்டிமேல், பட்டன் டப்பாக்களில், என் சாப்பாட்டில். வலது பக்கம் ஒரு தையல் அசையவில்லை.

பார்த்தவர்கள் கேட்டால் லாத்தா ஒரே பதில்தான் சொன்னார்.

"ரெண்டு பக்கமும் ஒரே கைதான் தச்சது."

என் பெயரையோ கடையையோ சொன்னதே இல்லை. நான் ஜமாத்துப் பெரியவர் ஒருவரிடம் போய் முறையிட்டேன். அவர் வந்தார், கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். மாடி ஏறி இடது பக்கத்து நூலைச் சுண்டினார், வலது பக்கத்து நூலைச் சுண்டினார். இறங்கி வந்து, "ஒரு பொம்பள அவுக வீட்டுல போர்வ காயப்போட்டதுக்கு என்னா வழக்குப் பேசச் சொல்றீக" என்றார். போகும்போது வலது பக்கத்து நூல் தேனியில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று லாத்தாவிடம் கேட்டுவிட்டுப் போனார். அவர் மகன் டெய்லர்.

எனக்கும் வெறி ஏறாமல் இல்லை. ஒரு மத்தியானம் அவர் தொழுதுகொண்டிருந்த நேரம், கடைக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அந்த மாடிப்படி ஏறினேன். வலது பக்கத்துத் தையலை நான்கு இடத்தில் வெட்டிவிட்டால் போதும், இரண்டு பக்கமும் சமமாகிவிடும். தையலில் கத்தரியை வைத்துவிட்டேன். தையல் அவ்வளவு நெருக்கம். கத்தரியின் நுனி உள்ளே நுழையவில்லை. நூலுக்குக் கீழே நுழைக்க நான் நோண்டிக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"அந்தப் பக்கம் கஷ்டம் தம்பி. இந்தப் பக்கம் வாங்க, கையாலயே பிரிக்கலாம்."

கத்தரிக்கோலோடு இறங்கி வந்தேன். அன்றைக்கே கடையை மூடியிருக்கலாம். இன்னும் எட்டு மாதம் இழுத்தேன்.

இடையில் என் மகள் தேவாரத்திலிருந்து வந்தாள். அவளை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் கடையில் எனக்குச் சோறு கொண்டுவந்து, பொட்டலம் கட்டி, என்னோடு நின்ற பிள்ளை. போர்வையைப் பார்த்துவிட்டு நேரே லாத்தா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். வாசலில் நின்று அவள் பேசியது ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கிறது.

"எங்கப்பாவையே ஒருத்தன் ஏமாத்திட்டுப் போயிட்டான். எழுத்துத் தெரியாத மனுசன், அவரு என்ன செய்வாரு. தெரிஞ்சு ஒருத்தருக்குக் கெட்ட நூலு குடுக்குற ஆளா அவரு."

லாத்தா மிஷினிலிருந்து காலை எடுத்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நீ நம்புறியா ஆத்தா?"

"எங்கப்பாவ நான் நம்பாம யாரு நம்புவா."

"சரி" என்றார் லாத்தா. "நல்ல பிள்ள. நம்பு."

அடுத்த நாள் மாடிக் கம்பியில் போர்வை இல்லை. என் மகள் தான் பேசியதால் அந்த அம்மாளுக்கு மனசு இளகிவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கடைக்கு ஆள் வரவில்லை. போர்வையை இறக்கினாலும் ஊர்க்காரர்கள் விரலிலிருந்து சுண்டுகிற பழக்கத்தை இறக்க முடியுமா. கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விடுவது என்று முடிவானது.

தேவாரம் பஸ் ஏறுகிற அன்றைக்கு லாத்தா பஸ் ஸ்டாண்டுக்கே வந்தார். கையில் ஒரு பொட்டலம். பிரித்தால் போர்வை, புதுசு. நாற்பத்தொன்பது சதுரம், அத்தனையும் அழகான துணி. என் மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. லாத்தா என்னிடம்தான் பேசினார்.

"மலையடி ஊரு, குளுரும். வச்சுக்கங்க. மிச்சம் கெடந்த ஒங்க நூலுலதான் தச்சேன், வீணாக்கக் கூடாதுல்ல. பிஞ்சா நீங்களே தச்சுக்கங்க தம்பி. ஒங்க கைதான் சரியான கையாச்சே."

தூக்கி எறிந்திருக்கலாம். மகள் விடமாட்டாள். அவளுக்கு அது சமாதானப் போர்வை. அப்புறம், பொய் சொல்லக் கூடாது, நல்ல கதகதப்பு. பஞ்சை அவ்வளவு சீராகப் பரத்தியிருந்தார். அவரைத் திட்டிக்கொண்டே அதற்குள் தூங்கினேன்.

முதல் மார்கழியில் ஒரு ஓரம் விட்டது. தேவாரத்தில் எந்த டெய்லரிடமும் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நூலைச் சுண்டினால் என்ன ஏது என்று கேட்பான். நானே உட்கார்ந்தேன். வாழ்நாளெல்லாம் ஊசி விற்றவன், ஒரு தையல் போட்டதில்லை. கடையில் நூல் வாங்கும்போது என் கை தானாகச் சுண்டியது. ஈரமாக்கிச் சுண்டியது. கறுப்பு வேட்டிக் கரைமேல் இழுத்துப் பிசிறு பார்த்தது. கடைக்காரன் முறைத்தான். என் தையல் கோணலாகப் போனது. லாத்தாவின் தையல் பக்கத்தில் அது நண்டு ஊர்ந்த தடம் மாதிரி இருந்தது. ஒவ்வொரு வருசமும் மூன்று சதுரம், நான்கு சதுரம் என்று விட்டுக்கொண்டே வந்தது. எனக்குக் கண் மங்கிய பிறகு மகள் ஊசி கோத்துக் கோத்துத் தருவாள், நான் தைப்பேன். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம். அப்பா அந்தம்மா குடுத்தத எப்பிடிப் பாத்துக்கிறாரு பாருங்க என்று பக்கத்து வீட்டில் சொல்வாள்.

லாத்தா இறந்து மூன்று வருசம் ஆகிறது. சேதி கேட்டுப் போனேன். வாசலோடு நின்றுவிட்டு வந்தேன்.

இந்த மார்கழியில் நடுச்சதுரம் விட்டது. அவர் போட்ட தையலில் அதுதான் கடைசி. மற்றதெல்லாம் என் தையலாகிவிட்டது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஊசி கோத்துக்கொண்டிருந்தாள். நான் சதுரத்தைத் தூக்கிப் பஞ்சை ஒதுக்கினேன். உள்ளே, பஞ்சுக்கு நடுவில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புத் துணித்துண்டு. அதன்மேல் ஒரு சாண் சாம்பல் நூல், அதன் இரண்டு முனையையும் நல்ல நூலால் இறுக்கித் தைத்திருந்தார். நூலின் நடுவில் ஒரு முடிச்சு. இரண்டு சுற்று, வால் பின்பக்கமாக உள்ளே.

பஸ் ஸ்டாண்டில் அவர் சொன்ன 'மிச்சம்' எது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முதல் கோனை மிஷினில் மாட்டியபோதே இந்த முடிச்சு ஊசிக் காதில் சிக்கியிருக்கும். வெட்டி எடுத்து வைத்திருப்பார். போர்வைகள் திரும்பி வந்த அன்றைக்கே அதன் அர்த்தம் அவருக்குத் தெரிந்திருக்கும். கடைவீதியில் ஆறு பேருக்கு முன்னால் காட்டியிருக்கலாம், மாடியில் தொங்கவிட்டிருக்கலாம், ஜமாத்துப் பெரியவரிடம் கொடுத்திருக்கலாம். அங்கே காட்டியிருந்தால் நான் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவர்களில் யாருக்கும் இந்த முடிச்சைப் போடத் தெரியாது.

துண்டை விரலுக்குள் மறைக்கப் பார்த்தேன். மகள் என் கையைப் பிடித்து விரித்தாள். முதலில் சிரித்தாள்.

"இது நீங்க போடுற முடிச்சுல்லப்பா. லாத்தாவுக்கும் சொல்லிக்குடுத்தீகளா?"

அவள் நூலை விரலில் எடுத்து லேசாக இழுத்தாள். முடிச்சுக்கு இந்தப் பக்கம் ஒடிந்தது. அந்தப் பக்கம் இழுத்தாள், அங்கேயும் ஒடிந்தது. முடிச்சு மட்டும் அவிழாமல் அவள் உள்ளங்கையில் கிடந்தது. அதையே ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அறுந்தத நீங்கதான் சேத்துக் கட்டியிருக்கீக" என்றாள். "கட்டித்தான் குடுத்திருக்கீக."

அவள் கோத்து வைத்திருந்த ஊசியை மெத்தைமேல் குத்திவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். சோறு போடுகிறாள், வெந்நீர் வைத்துத் தருகிறாள், மாத்திரை எடுத்துத் தருகிறாள். எதிலும் குறை இல்லை. ஊசி மட்டும் கோத்துத் தருவதில்லை.

நானே வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கோத்துப் பார்க்கிறேன். நூல் நல்ல நூல்தான், மூன்று தடவை சுண்டிப் பார்த்து வாங்கியது. ஊசிக் காதுதான் தெரிய மாட்டேன் என்கிறது. நடுச்சதுரம் இன்னும் திறந்தே கிடக்கிறது, காலையில் எழுந்தால் என் புருவத்தில் பஞ்சு.